மண்தரையில் குடியிருந்த உண்ணி

கிழக்கு ஆப்பிரிக்காவில், இன்று தான்சானியா என்று வழங்கும் நாட்டின் நடுமேட்டில் டொடோமா என்ற வறண்ட பகுதி இருக்கிறது. அங்கே வாழும் கோகோ மக்கள் பழைய நாட்களில் கட்டிய வீட்டுக்கு டெம்பே என்று பெயர். தாழ்ந்த மண்சுவர், மரக்கழிகளைப் பரப்பி மேலே மண் கொட்டிய தட்டைக் கூரை, நடுவில் முற்றம். மழை குறைந்த, மரம் அரிதான நிலத்துக்கு அதைவிடப் பொருத்தமான வீட்டைக் கற்பனை செய்வது கடினம். பகல் வெயில் உள்ளே இறங்காது. இரவுக் குளிரும் தாக்காது. பொழுது சாய்ந்தால் ஆடும் கோழியும் உள்ளே வரும். அடுப்பு கனன்றுகொண்டிருக்கும். தோலையோ பாயையோ தரையில் விரித்து மனிதர்கள் படுப்பார்கள்.

அந்தத் தரையின் வெடிப்புகளிலும் சுவரடிப் புழுதியிலும் இன்னொரு குடித்தனமும் நடந்தது. சுவாஹிலி பேசுவோர் அதைப் பாபாசி என்பார்கள். வீடு அடங்கியபின் மண்ணிலிருந்து வெளியே வரும். படுத்திருப்பவரின் இரத்தத்தை அரைமணி நேரம் குடிக்கும். விடியுமுன் வந்த வழியே திரும்பிவிடும். கடிபட்டவர் பெரும்பாலும் விழிப்பதே இல்லை. அறிவியலில் அதன் பெயர் ஆர்னிதோடோரஸ் மூபாட்டா. அங்கோலாவிலிருந்து கிடைத்த உயிரியை வைத்து 1877-இல் அதை முதலில் விவரித்தவர் ஆண்ட்ரூ முர்ரே என்ற ஸ்காட்லாந்துக்காரர்.

மாட்டின் காதிலும் நாயின் கழுத்திலும் நாம் பார்த்துப் பழகியவை வன் உண்ணிகள். மூபாட்டா மென் உண்ணி. சுமார் 200 இனங்கள் கொண்ட அந்தக் குடும்பத்தில் எதற்கும் முதுகில் கடினமான ஓடு கிடையாது. தடித்துச் சுருங்கிய தோல்தான். வளர்ந்த உண்ணியின் வாயுறுப்பு வயிற்றுப்பக்கம் மறைந்திருப்பதால், மேலிருந்து பார்த்தால் தலை எது வால் எது என்று தெரியாது. மூபாட்டாவுக்குக் கண்ணும் இல்லை. உடற்சூடும் மூச்சிலிருந்து வரும் கரியமில வாயுவுமே அதற்கு வழிகாட்டிகள். தொந்தரவு செய்தால் கால்களை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் கிடக்கும். உடலில் ஒட்டிய புழுதியோடு மண்ணில் கிடக்கும் அதைக் கண்டுபிடிக்கத் தேர்ந்த கண் வேண்டும்.

சாப்பிடும் முறையில்தான் இரண்டு குடும்பங்களும் முற்றிலும் பிரிகின்றன. வன் உண்ணி கடித்த இடத்தில் பசை சுரந்து ஒட்டிக்கொண்டு நாட்கணக்கில் உறிஞ்சும். பெண் உண்ணி ஒரே பெருந்தீனியில் உப்பி, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். மென் உண்ணியோ பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, இலையை மடித்துவிட்டு எழுந்துபோகும் ரகம். தன் எடையைப்போலப் பல மடங்கு இரத்தத்தை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். குடித்ததில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். அதைச் சுமந்துகொண்டு ஓட முடியாது. ஆகவே முன்னங்கால்களின் அடியில் உள்ள சுரப்பித் துளைகள் வழியே, குடிக்கும்போதும் குடித்த கையோடும், அதிகப்படி நீரைத் தெளிந்த திரவமாக வெளியேற்றுகிறது. அந்த நீர் கடிவாயை நனைக்கிறது. இந்தச் சிறு கசிவு பின்னால் மருத்துவ வரலாற்றில் இடம்பிடித்தது.

எஞ்சிய இரத்தச் சத்து குடலின் செல்களுக்குள் மெல்ல மெல்லச் செரிக்கிறது. அவசரமே இல்லை. மூபாட்டாவின் முட்டையிலிருந்து வரும் ஆறுகால் குஞ்சு சாப்பிடுவதே கிடையாது. தோலுரித்து எட்டுக்கால் இளம் உண்ணியானபின்தான் முதல் இரத்தம். அதன்பின் ஒவ்வொரு வளர்ச்சிப் படிக்கும் ஒரு சாப்பாடு. வளர்ந்த பெண் வாழ்நாளில் பலமுறை குடித்து, பலமுறை முட்டையிடும். இரண்டு சாப்பாட்டுக்கு இடையில் மாதங்கள் போகலாம், ஆண்டுகளும் போகலாம். இதன் உறவினமான ஆர்கஸ் புரும்ப்டி 1976-இல் கென்யாவிலிருந்து அமெரிக்க விஞ்ஞானி ஜூலியன் ஷெப்பர்டின் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. பதின்மூன்றே உண்ணிகள். அவற்றில் சில 27 ஆண்டுகள் உயிரோடு இருந்தன. அதில் எட்டு ஆண்டுகள் தொடர்ந்து பட்டினி. கடைசி ஆண் செத்து நான்கு ஆண்டு கழிந்தபின் ஒரு பெண், சேமித்து வைத்திருந்த விந்தைக்கொண்டு முட்டையிட்டது. 2022-இல் இதை அவர் வெளியிட்டார்.

இவ்வளவு பொறுமை கைவந்த உயிருக்குத் தேவையானது ஒன்றுதான்: நகராத ஓர் இடம். இரை வரும், போகும். இடம் இருந்தால் போதும். காட்டில் அது காட்டுப்பன்றி வகையான வார்ட்ஹாக்கின் வளை. ஊரில் அது மண்வீடு.

வீட்டுக்காரருக்கு அன்று பாபாசி ஒரு தொல்லை. வெளியூர்க்காரருக்கு அது உயிர் ஆபத்து. அந்த உண்ணி பரப்பும் காய்ச்சல் சில நாள் கொளுத்தும், விட்டுப்போகும், ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும், மறுபடி விடும். மீள்காய்ச்சல் என்ற பெயர் அதற்குப் பொருத்தம். உண்ணி நிறைந்த ஊரில் பிறந்தவர்களைச் சிறுவயதிலேயே அது தாக்கியது. பிழைத்தவர்கள் மீண்டும் மீண்டும் கடிபட்டதால் எதிர்ப்புச் சக்தியோடு வளர்ந்தார்கள். வழிப்போக்கனாக வந்து ஓர் இரவு படுத்தவனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கோலாவில் பயணம் செய்த டேவிட் லிவிங்ஸ்டன், 'டாம்பான்' என்று அங்கே அழைக்கப்பட்ட உண்ணியின் கடியையும் அதன் விளைவையும் 1857-இல் வெளிவந்த தம் பயண நூலில் விவரித்திருக்கிறார். காய்ச்சலுக்கும் கடிக்கும் தொடர்பு உண்டு என்று உள்ளூர் மக்களுக்குத் தெரியும். ஐரோப்பிய மருத்துவம் அதை ஏற்க இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

1904-இல் உகாண்டாவில் பிலிப் ராஸ், ஆர்தர் மில்ன் என்ற இரு மருத்துவர்கள், உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளின் இரத்தத்தில் சுருள் வடிவக் கிருமிகள் இருப்பதை அறிவித்தார்கள். (மலேரியா ஆராய்ச்சியில் புகழ்பெற்ற ரொனால்ட் ராஸ் வேறு, இவர் வேறு.) அதே காலத்தில் காங்கோவின் கிழக்குப் பகுதியில் லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த ஜோசப் எவரெட் டட்டனும் ஜான் டாடும் அதே கேள்வியோடு அலைந்துகொண்டிருந்தார்கள். உண்ணியைக் குரங்கின்மீது கடிக்கவிட்டு நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். ஆராய்ந்த நோய் இருவரையுமே பிடித்தது. டாட் பிழைத்தார். டட்டன் 1905 பிப்ரவரி 27 அன்று கசோங்கோவில் இறந்தார், வயது முப்பது. கிருமிக்கு இன்று பொரேலியா டட்டோனி என்று பெயர்.

அதே 1905-இல் ஜெர்மன் கிருமியியல் அறிஞர் ராபர்ட் கோக் அன்றைய ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவில் வணிகக்கூட்டங்கள் நடந்த பாதைகளில் உண்ணி தேடிப் போனார். யானைத்தந்தமும் துணியும் சுமந்து நடந்தவர்கள் இரவு தங்கும் குடிசைகளில், காலங்காலமாக ஆட்கள் படுத்தெழுந்த மண்ணில், உண்ணி மண்டியிருந்தது. பாயிலும் மூட்டையிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த தங்குமிடத்துக்கும் போயிற்று. உண்ணியின் முட்டைக்குள்ளேயே கிருமி இருப்பதை கோக் கண்டார். தாயிடமிருந்து குஞ்சுக்கு நோய் கைமாறுகிறது என்றால், அந்த மண்ணில் புதிதாக ஒரு நோயாளி படுக்காவிட்டாலும் கிருமி தொடர்ந்து வாழும். பயணிகளுக்கு அவர் சொன்ன யோசனை எளிமையானது: பழைய குடிசையில் படுக்காதே, தள்ளிப்போய்க் கூடாரம் அடி.

பின்னால் நுணுக்கமும் தெளிவாயிற்று. இளம் உண்ணி பெரும்பாலும் எச்சில் வழியே கிருமியைச் செலுத்துகிறது. வளர்ந்த உண்ணியிடத்தில் முன்னே சொன்ன காலடிக் கசிவுநீர்தான் முக்கிய வழி. கசிந்த நீரில் கிருமி மிதந்து வந்து கடித்த புண்ணுக்குள் இறங்கிவிடும்.

கோக் சொன்ன யோசனை வழிப்போக்கனுக்குச் சரி. அந்தக் குடிசையே வீடாக இருந்தவர் எங்கே தள்ளிப்போவார்? அதற்கு விடை வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. வந்தபோது அது ஆய்வுக்கூடத்திலிருந்து வரவில்லை. கொத்தனாரின் கரண்டியிலிருந்து வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் கிழக்கு ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் வீடு மாறத் தொடங்கியது. முதலில் கூரை: மண்ணும் புல்லும் போய்த் தகரம் வந்தது. பிறகு சுவர்: சுட்ட செங்கல். பிறகு கட்டில்: படுக்கை தரையிலிருந்து முழங்கால் உயரம் எழுந்தது. கையில் காசு சேர்ந்தவர்கள் கடைசியாகச் சிமென்ட் தரை போட்டார்கள். ஒவ்வொன்றும் வேறு காரணத்துக்காக வந்தது. தகரம் ஒழுகாது என்பதற்காக. சிமென்ட் பெருக்கித் துடைக்க எளிது, பார்க்க மதிப்பு என்பதற்காக. பாபாசியை ஒழிக்க வேண்டும் என்று நினைத்து யாரும் வீடு கட்டவில்லை. ஆனாலும் வெடிப்பில்லாத தரையில் உண்ணிக்குப் பகலில் ஒளிய இடமில்லை, முட்டையிடவும் இடமில்லை. ஆடும் கோழியும் தனிக் கொட்டிலுக்குப் போனபோது இரவுச் சாப்பாடும் குறைந்தது. சுமைகாரர்கள் நடந்த பாதைகளில் ரயிலும் லாரியும் ஓடியதும் பழைய தங்குமிடங்கள் பாழடைந்தன.

மருந்துகளும் தம் பங்கைச் செய்தன. டிடிடி இந்த உண்ணியிடம் அதிகம் பலிக்கவில்லை. பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லித் தூள் தரையில் தூவியபோது பலித்தது. ஆனால் நஞ்சின் வீரியம் மாதக்கணக்கில் தேய்ந்துவிடும். வெடிப்பின் ஆழத்தில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கத் தெரிந்த உயிருக்கு அது பெரிய தடையில்லை. காய்ச்சலுக்கு டெட்ராசைக்ளின் வகை மாத்திரைகள் வந்தன. நோயாளி பிழைத்தார், வீட்டுக்குத் திரும்பி அதே தரையில் படுத்தார்.

இன்று பல மாவட்டங்களில் இளைய மருத்துவர்கள் மீள்காய்ச்சலைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்பார்கள். ஆனாலும் நோய் போய்விடவில்லை. டொடோமாவின் கிராமங்களிலும் காங்கோவின் சில பகுதிகளிலும் மண்வீடு நின்ற இடங்களில் அதுவும் நின்றது. அன்று வெளியூர்க்காரனின் நோயாகப் பேர்பெற்றது, இன்று ஊரிலேயே மிக எளியவர்களின் நோய். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதிகம் துன்பப்படுகிறார்கள். கருச்சிதைவுக்கும் பிறந்தவுடன் குழந்தை இறப்பதற்கும் அது காரணமாகிறது.

நோயைக் கண்டுபிடிப்பதில் காலம் ஒரு விசித்திரமான வேலையைச் செய்திருக்கிறது. முன்பு காய்ச்சல்காரரின் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். மலேரியா இருந்தால் மலேரியா தெரியும். சுருள் கிருமி இருந்தால் அதுவும் நெளிந்துகொண்டு தெரியும். இப்போது பல சுகாதார நிலையங்களில் கால்மணி நேரத்தில் விடை சொல்லும் மலேரியாப் பரிசோதனைப் பட்டை இருக்கிறது. மலேரியாவைப் பொறுத்தவரை அது பெரிய வரம். ஆனால் அந்தப் பட்டைக்கு மலேரியாவைத் தவிர வேறெதுவும் தெரியாது. பழைய நுண்ணோக்கி தற்செயலாகக் காட்டிக்கொடுத்த நோயைப் புதிய கருவி காட்டாது. நோய் உண்மையிலேயே எவ்வளவு குறைந்தது, எவ்வளவு கண்ணில் படாமல் போனது என்று பிரித்துச் சொல்வது இதனால் கடினமாகிறது.

கிருமி மனிதரிடமும் உண்ணியிடமும் மட்டுமே வாழ்கிறது என்ற பழைய எண்ணமும் ஆட்டம் கண்டிருக்கிறது. நடுத் தான்சானியாவில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டுக் கோழிகளின் இரத்தத்திலும் பன்றிகளின் இரத்தத்திலும் அதன் தடயத்தைக் கண்டது. 2008-இல் மரபணுத் தொகுதியை ஒப்பிட்டவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: பேன் பரப்பும் மீள்காய்ச்சலின் கிருமி, டட்டோனியின் மரபணுக்களில் பலவற்றை இழந்து தேய்ந்துபோன வடிவம். பெரும்போர்களின் காலத்தில் லட்சக்கணக்கானோரைக் கொன்ற அந்தப் பேன்காய்ச்சலும் மண்தரை நோயும் அவ்வளவு நெருங்கிய உறவு.

உண்ணியைப் பற்றிய நம் பார்வையும் இதற்குள் மாறியிருக்கிறது. அன்று அதன் எச்சில் வெறும் நஞ்சு. 1990-இல் மூபாட்டாவிலிருந்து 60 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம் ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த உறைதலின் முக்கியக் கண்ணியான பத்தாம் காரணியை அது தடுக்கிறது. அரைமணி நேரம் இரத்தம் உறையாமல் ஓட இப்படிப்பட்ட பொருள்கள்தான் காரணம். கடித்த இடத்தில் உடலிலிருந்து சீறிக் கிளம்பும் எதிர்ப்பை அடக்கும் இன்னொரு புரதமும் அதே எச்சிலில் கிடைத்தது. அதிலிருந்து உருவான நோமகோபான் என்ற மருந்து, உடலின் எதிர்ப்புச் சக்தி தன்னையே தாக்கும் சில அரிய நோய்களில் மனிதர்களிடம் சோதிக்கப்பட்டிருக்கிறது.

வெறும் இரத்தத்தைக் குடித்து எப்படி வளர்கிறது என்ற பழைய புதிருக்கும் விடை கிடைத்தது. இரத்தத்தில் பி வகை வைட்டமின்கள் போதாது. மூபாட்டாவின் உடலுக்குள் வாழும் பிரான்சிசெல்லா என்ற பாக்டீரியா அவற்றைத் தயாரித்துக் கொடுக்கிறது. 2018-இல் வெளியான ஆய்வில் அந்தப் பாக்டீரியாவை மருந்தால் அழித்தபோது இளம் உண்ணிகள் வளரத் திணறின. வைட்டமின் சேர்த்துக் கொடுத்ததும் தேறின.

இடம் மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஐரோப்பாவின் ஐபீரியத் தீபகற்பம் சாட்சி. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலை 1921-இல் கென்யாவிலிருந்து மாண்ட்கோமரி என்ற கால்நடை மருத்துவர் முதலில் விவரித்தார். அந்த வைரஸ் 1957-இல் லிஸ்பனை எட்டியது. மென் உண்ணிக்கும் அதற்கும் உள்ள உறவை 1963-இல் முதலில் கண்டது ஸ்பெயினில். அங்கே பழைய கல், மண் பன்றிக்கொட்டில்களின் இடுக்கில் வாழும் வேறொரு மென் உண்ணி, ஆர்னிதோடோரஸ் எர்ராட்டிகஸ், வைரஸைத் தாங்கியிருந்தது. ஆறு ஆண்டு கழித்து ஆப்பிரிக்காவில் வார்ட்ஹாக் வளைகளின் உண்ணிகளிலும் அதையே கண்டார்கள். ஸ்பெயினும் போர்ச்சுகலும் 1990-களின் நடுவில் நோயை ஒழித்தன. ஆனால் 1999-இல் போர்ச்சுகலின் தெற்கில் ஒரு பண்ணையில் அது மறுபடி தலைகாட்டியது. பன்றிகளை அகற்றி ஐந்து ஆண்டுகளுக்கு மேலான கொட்டில்களில் எடுத்த உண்ணிகளிலும் உயிருள்ள வைரஸ் இருந்ததை ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். பன்றி போயிற்று, சுவர் இருந்தது. இன்று அந்த வைரஸ் உண்ணியின் துணையில்லாமலே இறைச்சி வழியாகவும் வண்டிகள் வழியாகவும் கண்டங்களைத் தாண்டி, 2020-இல் அசாம் வரை வந்துவிட்டது. ஆனால் ஓரிடத்தில் வேர்விட்டு நிற்க அதற்குக் கிடைத்த பழைய வழி இடிபாட்டுச் சுவர்தான்.

நம் ஊரிலும் இந்தக் குடும்பத்துக்கு ஓர் ஆள் உண்டு: கோழியின் மென் உண்ணி, ஆர்கஸ் பெர்சிகஸ். மண்ணாலும் கல்லாலும் கட்டிய கோழிக்கூட்டின் இடுக்குகளிலும், கோழி அடையும் மரத்தின் பட்டைக்கு அடியிலும் பகலைக் கழிக்கும். இதன் குஞ்சுகள் மட்டும் சில நாட்கள் கோழியின் உடலிலேயே ஒட்டியிருக்கும். வளர்ந்தவை இரவில் வந்து குடித்துவிட்டுப் போகும். பகலில் கோழியைத் தூக்கிச் சிறகைப் புரட்டிப் பார்ப்பவர் கண்ணில் வளர்ந்த உண்ணி அகப்படாது. கோழிகள் இளைத்து, வெளிறி, சில நேரம் பச்சையாகக் கழிந்து சாகும். நாமக்கல் பாணி முட்டைப் பண்ணையின் கம்பிக்கூண்டில் இடுக்கு குறைவு. அங்கே இதற்கு வாழ்வும் குறைவு. நாட்டுக்கோழிக்கு மறுபடி மவுசு வந்து, பழைய மாட்டுக்கொட்டிலையும் பூட்டிக்கிடந்த கூட்டையும் திறந்து குஞ்சு விடுகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்று உண்டு: கூடு இரண்டு ஆண்டு காலியாகக் கிடந்தது என்பது இந்த உண்ணி செத்துவிட்டது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. குஞ்சு விடுமுன் வெடிப்பைப் பூசி அடைப்பதும், இடுக்கைத் தீயால் பொசுக்குவதும்தான் பலன் தரும். கோழியின்மீது மருந்து தெளிப்பது மட்டும் போதாது.

டொடோமாவுக்கும் இதே கணக்குத்தான். மாத்திரை நோயாளியைக் காப்பாற்றும். அதன் தேவை போகாது. ஆனால் நூறாண்டுக் கதையில் உண்ணியைப் பின்வாங்க வைத்தது தரை. அந்தத் தரை யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்பதைக் காசு தீர்மானித்தது. சிமென்ட்தான் வேண்டும் என்றுமில்லை. மூபாட்டாவின் நாடுகளில் ஒன்றான ருவாண்டாவில், உள்ளூர் மண்ணையும் சரளையையும் இறுக்கி மட்டம் செய்து, மேலே இறுகிக் காயும் எண்ணெய் பூசி, சிமென்டைவிட மலிவாக வழவழப்பான தரை போடுகிறார்கள். நோய்த்தடுப்புத் திட்டங்கள் மருந்து, வலை, பரிசோதனைப் பட்டை என்று பட்டியல் போடும்போது, ஒரு வீட்டுக்கு ஒரு தரை என்ற செலவையும் அதே பட்டியலில் எழுத வேண்டும். இந்த உண்ணியின் விஷயத்தில் அது மருத்துவச் செலவுதான்.